25 விண்மீன்களும் ஒரு நேர்கோடும்

இருட்டில், வயலுக்கு அப்பால் ஒரு வெளிச்சம். பக்கத்தில் எரியும் சிம்னி விளக்கா, தொலைவில் எரியும் பெட்ரோமாக்ஸா? விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்தால்தான் தூரத்தைச் சொல்ல முடியும். விண்மீன்களை வைத்துக்கொண்டு வானியலாளர்கள் விழித்ததும் இதில்தான்.

சிக்கலை அவிழ்த்தது, 1912 மார்ச்சில் ஹார்வர்ட் வானாய்வகம் வெளியிட்ட 173ஆம் சுற்றறிக்கை. மூன்றே பக்கம். கையெழுத்து இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்குடையது. ஆனால் தயாரித்தவர் மிஸ் லெவிட் என்று முதல் வரியே சொல்லிவிடுகிறது.

ஹென்ரியட்டா லெவிட்டின் வேலை தொலைநோக்கியில் அல்ல, மேசையில். பெரு நாட்டின் அரெகிபாவில் எடுத்த கண்ணாடித் தகடுகள் அவரிடம் வரும். நெகட்டிவில் விண்மீன்கள் கரும்புள்ளிகள். வேறொரு நாள் எடுத்த படத்தின் பாசிட்டிவை அதன்மேல் பொருத்திப் பார்ப்பார். கறுப்பும் வெள்ளையும் கச்சிதமாக மூடிக்கொண்டால் மாற்றமில்லை. விளிம்பு பிதுங்கினால் அந்த விண்மீனின் ஒளி மாறியிருக்கிறது. இதற்குக் கூலி மணிக்கு 30 சென்ட்.

சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில், இப்படி ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டார். துடிப்புக்காலம் ஒன்றேகால் நாளிலிருந்து 127 நாள் வரை. பிரகாசத்தையும் துடிப்புக்காலத்தையும் மடக்கை அளவில் வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு: பிரகாசம் கூடக்கூடத் துடிப்பு நிதானமாகிறது. அந்த மேகம் கிடைத்ததுதான் பெரிய வசதி. அதிலுள்ளவை எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால், அங்கே மங்கலாகத் தெரிவது உண்மையிலேயே மங்கல்.

சரி, ஏன் துடிக்கின்றன? உலைமூடி மாதிரிதான். விண்மீன் சுருங்கும்போது அதன் வெளியடுக்கிலுள்ள ஹீலியம் சூடேறி அயனியாகி, உள்ளிருந்து வரும் ஒளியை மறிக்கிறது. அழுத்தம் ஏறி விண்மீன் உப்புகிறது. உப்பியதும் அடுக்கு குளிர்ந்து ஒளிக்கு வழிவிட, மறுபடி சுருக்கம். பெரிய விண்மீனுக்கு ஒரு சுற்று முடிய அதிக நாள் பிடிக்கும்.

அப்புறம் கணக்குதான். ஒரே துடிப்புக்காலம் என்றால் உண்மையான பிரகாசமும் ஒன்றே. அப்படிப்பட்ட இரண்டில் ஒன்று 100 மடங்கு மங்கலாகத் தெரிந்தால், அது 10 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆனால் உண்மைத் தூரம் கிடைக்க, நமக்கு அருகிலுள்ள சிலவற்றின் தூரமாவது தெரிய வேண்டும். 1913இல் டென்மார்க் வானியலாளர் ஹெர்ட்ஸ்ப்ருங் அதைச் செய்தார். மேகத்துக்கு 30,000 ஒளியாண்டு என்று வரவேண்டியது, பாவம், ஒரு பூச்சியம் விடுபட்டு 3,000 என்று அச்சானது.

1923 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில், ஆண்ட்ரோமீடா என்ற மங்கலான ஒளித்திட்டை வானியலாளர் எட்வின் ஹபிள் எடுத்த தகட்டில் ஒரு புள்ளி. நோவா, அதாவது திடீரென்று பிரகாசமாகும் விண்மீன், என்று நினைத்து முதலில் எழுதிய எழுத்தை அடித்துவிட்டு, 'மாறும் விண்மீன்' என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். துடிப்புக்காலம் 31 நாள் சொச்சம். லெவிட்டின் கோட்டில் வைத்தபோது கிடைத்த தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வெளிக்கு வெகு வெளியே. அந்தத் தகடு எடுத்தபோது, லெவிட் இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.