புரோட்டோகால்: நெறிமுறையா, உடன்படிக்கையா?

கியோட்டோ நெறிமுறை, மாண்ட்ரியல் நெறிமுறை, விருப்ப நெறிமுறை என்றெல்லாம் செய்திகளிலும் பாடநூல்களிலும் படிக்கிறோம். மூன்றிலும் ‘நெறிமுறை’ என்பது புரோட்டோகால் என்ற சொல்லுக்கு நாம் வைத்த தமிழ். இரண்டு கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளுக்கும் மருத்துவமனைச் சிகிச்சை வரிசைக்கும் அந்தத் தமிழ் நன்றாகவே பொருந்துகிறது. நாடுகளுக்கிடையிலான சட்டத்தில் அதையே எடுத்து வைக்கும்போதுதான் பொருள் கெடுகிறது.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். ‘புரோட்டோஸ்’ என்றால் முதல். ‘கொல்லா’ என்றால் பசை. பாப்பிரஸ் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கிய காலத்தில், சுருளின் தலைப்பில் ஒட்டிய முதல் தாளுக்குப் ‘புரோட்டோகொல்லான்’ என்று பெயர். அந்தத் தாள் எந்த அதிகாரியின் காலத்தில், எப்போது தயாரானது என்ற குறிப்பு அதில் இருக்கும். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டீனியன், ஆவணம் எழுதுவோர் இந்த முதல் தாளை வெட்டி எடுக்கக் கூடாது என்றே சட்டம் போட்டான். பொய்ப் பத்திரத்தைக் காட்டிக்கொடுக்கும் பகுதி அதுதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆவணவியல் அறிஞர்கள் இன்றும் பழைய சாசனங்களின் தொடக்கப் பகுதியைப் புரோட்டோகால் என்றே அழைக்கிறார்கள். யார் பெயரால், எந்தக் காலத்தில் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரும் பகுதி அது. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தியோடு தொடங்கி, ஆட்சியாண்டைக் குறித்து, அதன் பிறகே கொடையையோ வரியையோ பேசுகின்றன. கல்லில் அந்த மெய்க்கீர்த்தி செய்யும் வேலையைத்தான் சுருளில் முதல் தாள் செய்தது.

இடைக்கால லத்தீனில் சொல் ஒரு படி நகர்ந்தது. பத்திரம் எழுதுபவர் தம் கையில் வைத்துக்கொள்ளும் மூலக் குறிப்பு, பதிவேடு ஆகியவை புரோட்டோகால் ஆயின. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக அரசுகளின் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. மாநாட்டில் யார் என்ன சொன்னார், எதில் இசைந்தார்கள் என்று எழுதி, தூதர்கள் கையொப்பமிட்ட குறிப்பு புரோட்டோகால் எனப்பட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் கூட்டக் குறிப்புக்கு இதுதான் சொல். அரசு விருந்தில் யாருக்கு எந்த இருக்கை, எந்தக் கொடி எந்தப் பக்கம் என்ற பொருள் இதே மரத்தின் இன்னொரு கிளை. அதற்கு ‘அரசு மரபுமுறை’ என்பது போதும்.

இசைந்ததை எழுதிக் கையொப்பமிட்டபின் அதை வெறும் குறிப்பு என்று யார் சொல்ல முடியும்? 1830 பிப்ரவரியில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் கிரேக்கத்தைத் தனிநாடாக ஏற்று இலண்டனில் கையொப்பமிட்ட ஆவணம் ஒரு புரோட்டோகால். ஒரு நாட்டின் பிறப்பையே அது உறுதி செய்தது.

குறிப்பு எப்போது உடன்படிக்கையாகிறது என்ற கேள்வி தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கே வந்தது. ஹவார் தீவுகள், சுபாரா பகுதி ஆகியவற்றின் மீது கத்தாரும் பஹ்ரைனும் நெடுங்காலமாக உரிமை கோரி வந்தன. 1990 டிசம்பரில் தோஹாவில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும், சமரசம் பேசிய சவூதி அரேபியாவின் வெளியுறவு அமைச்சரும் ஒரு கூட்டக் குறிப்பில் கையொப்பமிட்டனர். அதை வைத்துக் கத்தார் வழக்குத் தொடுத்தபோது, அது பேச்சின் பதிவுதான், தம்மைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கையொப்பமிடும் எண்ணமே தமக்கு இல்லை என்றார் பஹ்ரைன் அமைச்சர். 1994இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் குறிப்பு பேசியதை மட்டும் சொல்லவில்லை, இரு தரப்பும் ஏற்ற கடமைகளை வரிசைப்படுத்துகிறது; ஆகவே அது சர்வதேச உடன்படிக்கைதான் என்றது. வழக்கு நடந்தது. 2001இல் ஹவார் பஹ்ரைனுக்கும் சுபாரா கத்தாருக்கும் என்று தீர்ப்பு வந்தது. புரோட்டோகால் என்ற சொல் பல நூற்றாண்டுகளில் நடந்து கடந்த தூரத்தை இந்த ஒரு வழக்கில் பார்த்துவிடலாம்.

உடன்படிக்கைச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையும் இதையே விதியாக வைத்திருக்கிறது. எழுத்தில், சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டு நாடுகள் செய்துகொள்வது எந்தப் பெயரில் இருந்தாலும் உடன்படிக்கையே. மேலே எழுதிய பெயர் ஒரு பொருட்டல்ல.

இன்று புரோட்டோகால் என்ற பெயர் பெரும்பாலும் ஒரு மூல உடன்படிக்கையைச் சார்ந்து வரும் இன்னொரு உடன்படிக்கையைக் குறிக்கிறது. 1985 வியன்னா ஓசோன் உடன்படிக்கைக்கு 1987 மாண்ட்ரியல், 1992 காலநிலை உடன்படிக்கைக்கு 1997 கியோட்டோ, 1949இன் நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளுக்கு 1977இன் இரண்டு. மூலத்தில் சேர்ந்த நாடு இதில் தானாகவே சேர்ந்துவிடாது. தனியாகச் சேர வேண்டும். சேர்ந்தபின் மூலத்தைப் போலவே இதுவும் கட்டுப்படுத்தும். மூலம் ஏதுமின்றித் தனித்து நிற்பவையும் உண்டு. நச்சுவாயுவையும் கிருமிகளையும் போரில் பயன்படுத்தத் தடை விதித்த 1925 ஜெனிவா புரோட்டோகால் அப்படிப்பட்டது.

‘விருப்ப நெறிமுறை’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. நெறிமுறை என்றதும் நம் மனத்தில் எழுவது ‘வழிகாட்டு நெறிமுறைகள்’, ‘ஊடக நெறிமுறை’ போன்றவை. மீறினால் கண்டனம் வரும், வழக்கு வராது. அதன் முன்னால் ‘விருப்ப’ என்றும் சேர்த்துவிட்டால், விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மை நேர்மாறானது. விருப்பம் சேர்வதில்தான், சேர்ந்தபின் கட்டாயம்.

தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையோடு அப்படி ஒரு புரோட்டோகால் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள், அந்த உடன்படிக்கையைப் பற்றிய தகராறில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாக்கப்பட்டபோது ஈரானுக்கு எதிராக அமெரிக்கா இதைப் பயன்படுத்தியது. கைதான வெளிநாட்டவருக்குத் தம் தூதரகத்தை நாடும் உரிமையைச் சொல்லவில்லை என்று, பின்னர் ஜெர்மனியும் மெக்சிகோவும் இதையே வைத்து அமெரிக்காவை நீதிமன்றத்துக்கு அழைத்தன. 2001லும் 2004லும் வென்றன. உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2017இல் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா நுழைந்த கதவும் இதுதான். 2019 தீர்ப்பு, தூதரகத் தொடர்பு உரிமையைப் பாகிஸ்தான் மீறியதாகக் கூறியது. இத்தனை வழக்குகளைத் தாங்கிய ஆவணத்தை ‘நெறிமுறை’ என்பது எப்படிச் சரியாகும்?

‘பின்னிணைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். பின்னிணைப்பு மூலத்தின் உறுப்பு. அதற்கு நாடுகள் தனியாக ஒப்புதல் தரும் ஏற்புறுதி கிடையாது. ஆகவே அதுவும் தவறு. கிரேக்கப் பசையை நினைவூட்டும் ‘ஒட்டுடன்படிக்கை’ அழகாக இருக்கிறது, ஆனால் வாயில் நிற்காது. ‘துணை உடன்படிக்கை’ என்பதே என் தேர்வு. துணை என்றால் உடன் வருவது, ஆனால் தனி ஆள். இலங்கைத் தமிழில் மூலத்தைச் ‘சமவாயம்’ என்பார்கள். அங்கே ‘துணைச் சமவாயம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘விரும்பிச் சேரும் துணை உடன்படிக்கை’ சற்று நீளம்தான், ஆனால் விருப்பம் எதில் என்பதைச் சொல்லிவிடுகிறது. தனித்து நிற்கும் 1925 ஆவணத்தை ‘நச்சுவாயுத் தடை உடன்படிக்கை’ என்றாலே போதும்.

மெக்சிகோவிடம் தோற்ற மறு ஆண்டு, 2005 மார்ச்சில், அமெரிக்கா எடுத்த முடிவை இந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள்: தூதரக உறவுகளுக்கான மூல உடன்படிக்கையில் நீடித்துக்கொண்டே, வழக்குக்கு வழிவிடும் துணை உடன்படிக்கையிலிருந்து மட்டும் அமெரிக்கா விலகியது.