ஆயில் சுரக்கும் வண்டி

ஆயில் குடிக்கும் வண்டியை எல்லோருக்கும் தெரியும். என் வண்டி ஆயில் சுரந்தது.

பத்து வருஷப் பழைய டீசல் எஸ்யூவி, ஜெர்மன் தயாரிப்பு. கோவையில் ஒருவர் ஆசை தீர்ந்து விற்றதை, புது சின்னக் கார் ஒன்றின் விலைக்கு வாங்கி ஊட்டிக்கு ஏற்றி வந்தேன். அதில் ஆயில் பார்க்கும் குச்சி கிடையாது. ஒரு சென்சார் அளந்து திரையில் காட்டும். ஆயில் மாற்றிய நான்காவது மாதம், ஒரு பனிக்காலக் காலையில், 'ஆயில் அளவு அதிகம்' என்று எச்சரித்தது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். "சென்சார் போயிருக்கும் சார், வயசான வண்டிதானே" என்றார். சென்சாரின் விலையைக் கேட்டதும், முதலில் ஆயிலை இறக்கி நானே அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஊட்டியில் இந்த வேலைக்கு ஸ்பானரைவிட அரிய பொருள் சமதளம். என் வீட்டு வாசலே ஒரு சரிவு. கடைசியில் நண்பரின் தோட்டத்தில், கொழுந்து லாரி நிற்கும் சிமென்ட் தரை கிடைத்தது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவரோடு எனக்குப் பேச்சே இல்லை. ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அப்புறம்தான் தலையை நுழைத்தேன். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சம்ப் எனும் அடித்தொட்டியின் போல்டைக் கழற்றினால் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். இறங்கியது. தண்ணீர் மாதிரி இறங்கியது. நான் ஊற்றியிருந்தது ஆறரை லிட்டர். அளந்தபோது ஏழு லிட்டர். முகர்ந்தால் பெட்ரோல் பங்க் வாசனை.

சென்சார் பொய் சொல்லவில்லை. அந்த அரை லிட்டர், டீசல்.

டேங்கில் இருக்க வேண்டிய டீசல் எப்படி சம்ப்புக்கு வந்தது? இந்த மாதிரி வண்டிகளின் புகைக்குழாயில், கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. அது நிரம்பியதும் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் ஒரு தந்திரம் செய்கிறது. வழக்கமான எரிதல் முடிந்த பிறகு, பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. அது சிலிண்டரில் எரியாமல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே எரிய வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து ஆயிலில் சேர்ந்துவிடுகிறது.

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் பத்து, இருபது நிமிஷத்தில் எரிப்பு முடிந்துவிடும். என் வண்டிக்கோ பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர், மார்க்கெட் 2 கிலோமீட்டர். எரிக்கத் தொடங்கும்போது நான் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன். அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். மறுபடி கூடுதல் டீசல். வந்து சேர்ந்த டீசல் ஆவியாகி வெளியேறாதா என்றால், அது கொதிப்பதே ஏறக்குறைய 180 முதல் 360 டிகிரி வரையில். சம்ப்பில் இருக்கும் ஆயில் நன்றாகச் சூடானாலும் 100 டிகிரி அளவுதான். வந்த விருந்தாளி போகமாட்டார்.

ஆயிலில் சேரும் தண்ணீரின் கதை வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் வளையங்களைத் தாண்டி உள்ளே வந்து, குளிர்ந்த இன்ஜினில் நீராகத் தங்கிக்கொள்ளும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் தண்ணீர் போய்விடும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதிப்பதால் நமக்குக் கொஞ்சம் சலுகைகூட உண்டு. பருப்பு வேகாத பாவத்துக்கு ஒரு புண்ணியம்.

சரி, ஆயில் நீர்த்தால் என்ன கெட்டுவிடும்? 1883-இல் இங்கிலாந்தில் பொஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்தார். ஆயில் ஊற்ற பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே ஆயில் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார்; தக்கை பிதுங்கி வந்தது. மரக்கட்டையை அறைந்தார், அதுவும் வந்தது. சுழலும் அச்சு, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் ஆயிலை இழுத்துத் திணிக்கிறது, அந்த அழுத்தமே அச்சைத் தூக்கி மிதக்கவிடுகிறது என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். மழை நனைத்த ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் மிதந்து வழுக்குவதும் இதே விஷயம்தான். அங்கே ஆபத்து, இங்கே உயிர். இன்ஜின் பேரிங்கிலும் அப்படித்தான், ஆயில் பம்ப் சப்ளை செய்வதோடு சரி. இரும்பையும் இரும்பையும் பிரித்து வைப்பது சில மைக்ரான் ஆயில் படலம். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். ஆயிலின் பிசுபிசுப்பு குறைந்தால் அந்தப் படலம் இன்னும் மெலிகிறது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவதும் இப்படிப்பட்ட படலத்தின் மேல்தான்.

அப்படியானால் கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றிவிடலாமே என்று மலையில் பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: இன்ஜின் ஆயில் அப்படி உறையாது, ஆனால் தடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில் தேய்மானம் அடங்கியிருக்கிறது. ஆயில் டின்னில் இருக்கும் 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரில் இளகி ஓடும். பின்னால் உள்ள 30 என்பது, 100 டிகிரிச் சூட்டில் இருக்கும் பிசுபிசுப்பின் தர எண். இந்த இரட்டைக் குணத்துக்கு உதவுவது, குளிரில் சுருண்டு சூட்டில் விரியும் நீளமான பாலிமர் மூலக்கூறுகள்.

எண்ணைவிட முக்கியம், டின்னின் பின்பக்கத்துப் பொடி எழுத்து. பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51 என்று ஒவ்வொரு கம்பெனிக்கும், மாடலுக்கும் ஒரு தர எண் உண்டு. இவை சாம்பல் குறைந்த ஆயில்கள். கரி எரிந்துபோகும், ஆயிலில் சேர்த்த கால்சியம், துத்தநாகம் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அந்த வடிகட்டியின் விலைக்கு இந்த ஆயிலைப் பல வருஷம் வாங்கலாம்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். கரியைக் கட்டியாக விடாமல் மிதக்க வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு சொட்டை வடிகட்டும் தாளில் விட்டு மறுநாள் பார்க்கலாம். நடுக் கறுப்பைச் சுற்றி, அகலமாக வெளிறிய வளையம் பரவியிருந்தால் டீசலைச் சந்தேகிக்கலாம். என் தாளில் வளையம் தோசைக்கு எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது.

புது ஃபில்டர், புது செம்பு வாஷர், ஃபில்டர் மூடியில் அச்சிட்டிருந்த 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம், ஆறரை லிட்டர். முடிந்தது. பழைய ஆயிலை வேலிக்கம்பத்துக்குப் பூசக் கேட்டார் நண்பர். கொடுக்கவில்லை. ஊட்டியில் பெய்யும் மழை மாயாறு வழியோ பவானி வழியோ பவானிசாகருக்குத்தான் போகிறது. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி இந்தக் கழிவு அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர வேண்டும்; டின்னில் அடைத்துக் கீழே கொண்டுபோனேன்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். இறக்கத்தில் பயனில்லை; கியரில் இறங்கும்போது டீசல் ஏறக்குறைய நின்று புகைக்குழாய் ஆறிவிடும். திரும்பி ஏறும் 50 கிலோமீட்டர்தான் மருந்து. டேஷ்போர்டு 15,000 கிலோமீட்டர் என்றாலும் 5,000-இல் ஆயிலை மாற்றிவிடுகிறேன். போன முறை ஆறு லிட்டரும் 350 மில்லியும் இறங்கியது. மெக்கானிக்கிடம் காட்டினேன். "வண்டி ஆயில் குடிக்குதே சார்" என்று கவலைப்பட்டார்.