நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது தம்பி

உயிர்காப்பாளர் பயிற்சி பற்றிக் கேட்டு வரும், திருகோணமலைக் கரையோரத்து நிலாவெளி, உப்புவெளிப் பெடியங்கள் பெரும்பாலும் சொல்வது, "நான் கடலிலேயே வளர்ந்தவன் அண்ணை, நல்லா நீந்துவன்." சரி, நீச்சல் வேண்டும்தான். அவுஸ்திரேலியாவில் கடற்கரை உயிர்காப்பாளருக்கான 'வெண்கலப் பதக்கம்' (Bronze Medallion) என்ற தகைமைக்கு 400 மீற்றரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். இங்கத்தைய பெடியங்கள் ஒழுங்காகப் பழகினால் அதை எட்டிவிடலாம்.

நான் கூடுதலாகப் பழக்குவது கண்ணை. மூழ்குபவர் கையசைத்துக் கூப்பிடுவார் என்று காத்திருந்தால் ஆளை இழந்துவிடுவோம். மூச்செடுக்கவே திணறுபவருக்குக் கத்த முடியாது. உடல் செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும், வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வெளியே வரும், கைகள் இரு பக்கமும் தண்ணீரை அமத்தும். தூரத்தில் இருந்து பார்த்தால் விளையாடுவது போலவே இருக்கும். கடமை நேரத்தில் போன் பார்ப்பவருக்கு இந்த வேலை சரிவராது.

அப்புறம், கடலை வாசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், ஆளை வெளியே இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் இருக்கக்கூடும். கடல் தெரியாமல் வரும் குடும்பங்கள் பிள்ளைகளோடு இறங்கத் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான். வாடைக்காற்றுக் காலத்தில் நம் பக்கத்துக் கடல் இன்னும் மோசம். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக விலக வேண்டும்.

பயந்தவர் கையில் அகப்படுவதைக் கட்டிப்பிடிப்பார். அதனால் வெறுங்கையோடு கிட்டப் போகக்கூடாது, மிதவையை முதலில் நீட்டுங்கள். கழுத்தைப் பிடித்துவிட்டால் அவரோடு கீழே அமிழுங்கள். மேலே வரத்தான் அவர் தவிப்பார், பிடி தானாகத் தளரும்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகப் பிடிப்பதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், போவது பொன்னான நேரம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை ஒருவர் அழைக்கட்டும். மூச்சில்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்றுக் கொடுங்கள், ஏனென்றால் மூழ்கியவருக்கு இல்லாமல் போனது ஒட்சிசன். பிறகு நெஞ்சின் நடுவில் 5 சென்ரிமீற்றராவது இறங்க 30 அமத்தல், 2 மூச்சு, திரும்பத் திரும்ப. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பயிற்சிப் பொம்மையில் பலர் இரக்கப்பட்டது போல மெதுவாக அமத்துகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். சான்றிதழ் கிடைத்த பிறகும் வருடா வருடம் இதைத் திரும்பப் பழகுங்கள்.