மஞ்சள் சுவாலையை நம்பாதீர்கள்

திரவ எரிபொருளை நாசில் வழியே நுண்துளிகளாகத் தெளித்து எரிக்கும் ஸ்ப்ரே சுவாலையைச் சாதாரண கேமராவில் படமெடுத்து, மஞ்சள் எதுவரை தெரிகிறதோ அதுவே சுவாலையின் நீளம் என்று எழுதிவிடுவது ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கிற தவறு. அந்த மஞ்சள், சூடான கரித்துகள்கள் விடும் வெளிச்சம். உண்மையான எரிமுனை, அதாவது எரிதல் நடக்கிற மெல்லிய அடுக்கு, மங்கலான நீலம். மஞ்சளின் பளபளப்பில் அது கண்ணுக்கே படாது.

எரிமுனையைப் பிடிக்க, எரியும்போது உண்டாகும் கிளர்வுற்ற ஹைட்ராக்சில் (OH) உமிழும் 308 நானோமீட்டர் புறஊதா ஒளியை மட்டும் விடும் ஃபில்டரும், புறஊதா லென்ஸும், மங்கலான ஒளியைப் பெருக்கும் இமேஜ் இன்டென்சிஃபையரும் வேண்டும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் அந்த ஒளியை விழுங்கிவிடும். அப்படி எடுத்த படமும் முன்னும் பின்னும் உள்ள வெளிச்சம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுவதுதான். குறுக்குவெட்டு வேண்டுமென்றால் 283 நானோமீட்டர் அருகே தகடு போல் மெல்லிதாக விரித்த லேசர் ஒளியைப் பாய்ச்சி ஹைட்ராக்சில் ஒளிர்வைப் பதிய வேண்டும். பர்னரிலிருந்து சற்று விலகி நிற்கும் ஸ்ப்ரே சுவாலைகளில் இப்படிப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரிவதுண்டு: உள்ளே துளிகள் மோதிக் கிழித்து நெளியும் எரிமுனை, வெளியே அமைதியான பரவல் சுவாலை (எரிபொருள் ஆவியும் காற்றும் சந்திக்கும் இடத்தில் எரிவது).

மண்ணெண்ணெயோ டீசலோ என்றால் இன்னொரு சிக்கல்: அவற்றில் உள்ள அரோமாட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) சேர்மங்களும் அதே லேசரில் ஒளிரும். லேசரை ஹைட்ராக்சில் உறிஞ்சும் அலைநீளத்திலிருந்து சற்றே விலக்கி இன்னொரு படம் எடுங்கள். அதிலும் மிச்சமிருப்பது எரிபொருளின் ஒளிதான், கழித்துவிடலாம். அடிப்படை ஆய்வுகளில் தூய ஹெப்டேனையோ எத்தனாலையோ பலர் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவாலையின் வடிவத்தைப் பெருமளவு தீர்மானிப்பது துளியின் அளவு. எரியும் துளியின் விட்டத்தின் வர்க்கம் நேரத்தோடு ஏறக்குறைய சீராகக் குறையும். ஹைட்ரோகார்பன்களுக்குத் தோராயமாக விநாடிக்கு 1 சதுர மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். 50 மைக்ரான் துளி 2.5 மில்லிவிநாடியில் தீர்ந்துவிடும். 100 மைக்ரான் துளிக்கு 10 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால் முதலாவது 2.5 சென்டிமீட்டரில் மறையும், இரண்டாவது 10 சென்டிமீட்டர் வரை ஓடும். சுவாலை நுனியில் பொறி பறப்பது பெரும்பாலும் இந்தப் பெருந்துளிகளால்தான். ஒரு 100 மைக்ரான் துளிக்குள் ஆயிரம் 10 மைக்ரான் துளிகளின் எரிபொருள் அடங்கும். அதனால் எண்ணிக்கைச் சராசரியைத் தள்ளிவைத்து, கன அளவையும் பரப்பையும் ஒப்பிடும் சாட்டர் சராசரியைப் பாருங்கள்.

துளி அளக்கும் ஃபேஸ் டாப்ளர் கருவி, உருண்டையாக இல்லாததை ஏற்காது. நாசில் வாய்க்கருகே எரிபொருள் இழைகளாகவும் தகடாகவும் இருப்பதால் அங்கே பெரும்பகுதி நிராகரிக்கப்படும். மிச்சத்தின் சராசரியை நம்ப முடியாது. தண்ணீரில் சோதித்துவிட்டு அதில் கிடைத்த துளி அளவை எரிபொருளுக்குப் போடுவதும் சரியல்ல. தண்ணீரின் பரப்பு இழுவிசை டீசலைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். தண்ணீர் சோதனை, தெளிப்பு எல்லாப் பக்கமும் சமமாக விழுகிறதா, நாசில் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

சுவாலையின் வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரியான தெர்மோகப்பிளில் துளி பட்டால் வெப்பநிலை குறைவாகக் காட்டும். கரி படிந்தால் அதன் நுனி மணியின் கதிர்வீச்சு இழப்பு கூடி இன்னும் குறையும். கம்பி மெல்லியதாக, சுமார் 50 மைக்ரானாக இருந்தால் இந்தப் பிழை சிறிது அடங்கும். ஆனால் சீக்கிரம் அறுந்துபோகும்.

பற்றவைப்பதற்கு முன் எரிப்பறையின் கன அளவைப் போல நான்கைந்து மடங்கு காற்றை ஓட்டிவிடுங்கள். சுவாலை அணைந்தால் எரிபொருளைத் தானாக நிறுத்தும் சோலனாய்டு (மின்காந்த) வால்வு நாசிலை ஒட்டியே இருக்கட்டும். தள்ளி வைத்தால் இடைக் குழாயில் தங்கிய எரிபொருள் சொட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த தீப்பொறிக்கு அது காத்திருக்கும்.