கள்ளத்தோணி: படகின் பெயர் ஆளுக்கு வந்த கதை

2024 டிசம்பரில் இலங்கையின் முல்லைத்தீவு முள்ளிவாய்க்கால் கரையோரம் மியன்மாரின் ரோஹிங்யா மக்கள் நிறைந்த படகொன்று வந்து நின்றது. அந்தச் செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது மலையகத்தில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். "கள்ளத்தோணியில வந்திருக்கானுங்க" என்றான் வடையைப் பிட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பி. கடைசி மேசையில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டா தம்பி, அது நம்ம பேராச்சே. எப்ப அவுங்களுக்கு மாத்திக் குடுத்தோம்?" கடை சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் மலையகத் தமிழரை வைத வசைச்சொல் அது. அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமல் போனது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் விளங்காமலேயே வாயில் வந்ததே, அதற்காகத்தான் இந்தச் சொல் விளக்கம்.

கள்ளம், தோணி என்று இரண்டாகப் பிரியும் சொல் இது. கள்ளம் என்பதன் அடியில் இருப்பது மறைவு. களவு என்றால் நமக்கு இன்று திருட்டு; தொல்காப்பியத்திலோ அது ஊரறியாத காதல். கள்ளச் சிரிப்பிலும் கள்ளத் தூக்கத்திலும் அந்தப் பழைய மறைவு இன்னும் இருக்கிறது. கள்ள நோட்டு, கள்ள வாக்கு என்னும்போது அது போலியாகிறது. கள்ளத்தோணி முதல் வகை: சுங்கக்காரர் கண்ணில் படாமல் இரவில் கரையொதுங்கும் தோணி. தோணி என்ற சொல்லில் ஒரு மறுவும் இல்லை. ஊழி வெள்ளத்தில் மிதந்த ஊர் என்பதால் சீர்காழிக்குத் தோணிபுரம் என்று பெயர்; அங்குள்ள சிவன் தோணியப்பர்.

மேலே 'கடை சிரித்தது' என்று எழுதினேன். கடை எங்கே சிரிக்கும்? உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். இதை இலக்கணத்தில் ஆகுபெயர் என்பார்கள். கள்ளத்தோணிக்கும் அதுவே நடந்தது. படகின் பெயர் படகில் வந்தவனுக்கு ஆகிவந்தது. பொதுவாக ஆகுபெயர் அந்த இடத்தோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை, இறங்கியவனின் மகனுக்கும் பேரனுக்கும் ஏறியது. தலவாக்கலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கடலையே பார்த்திராத பிள்ளையும் கள்ளத்தோணி ஆனான்.

சிங்களத்துக்கும் இந்தச் சொல் நம்மிடமிருந்துதான் போனது. அங்கே பேச்சில் ளகரம் லகரமாகிவிடுவதால் 'கல்லத்தோணி' என்று கேட்கும். கல்லாலான தோணி எப்படி மிதக்கும் என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டும் கல்லே தெப்பமாகிக் கரைசேர்த்த கதையைக் கோயிலில் கேட்ட பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. வைதவர் நம்மிடமே கடன் வாங்கி நம்மை வைதார் என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது.

தோட்டத்துக்கு வந்தவர்கள் உண்மையில் எப்படி வந்தார்கள்? தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். பிறகு எல்லாம் அரசாங்க ஏற்பாடு. மண்டபம் முகாமில் தடுத்து வைத்து மருத்துவச் சோதனை. எந்தத் தோட்டம் என்று எண் பொறித்த தகரத் துண்டு கழுத்தில். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். இவ்வளவு எண்ணிக் கணக்கெடுத்து ஏற்றி இறக்கிய ஆட்களை 'மறைவாக வந்தவர்கள்' என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். 1939இல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்தியாவே தடை செய்தது. அதன் பிறகும், 1948க்குப் பிறகும் உறவைத் தேடி, பிழைப்பைத் தேடி உண்மையிலேயே தோணியில் வந்தவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களைப் பிடிக்க 1952 முதல் இராணுவமும் கரையோரங்களில் இறக்கப்பட்டது. ஆனால் அந்தச் சிலரின் பெயரைத்தான் மலையிலிருந்த இலட்சக்கணக்கானோர் சுமந்தார்கள்.

சுமக்க வைத்தது சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்தில் யார் பிறப்புப் பதிவை வைத்திருந்தார்கள்? அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென வந்த சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் அந்த விண்ணப்பத்தை அனுப்பிய தபால் ரசீது கடைசிவரை இருந்தது. பதில் இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 9,75,000 பேர் நாடற்றவர்களாக இருந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. பிறகு பேசியது 1974இல், பாதிக்குப் பாதி. கடைசி ஆள்வரை பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல்.

இனி 2024 படகு. நூற்றுக்கு மேற்பட்டவர்கள், அதில் குழந்தைகளும். திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். இது ஆட்கடத்தல் வியாபாரம், இடம் கொடுத்தால் இன்னும் படகுகள் வரும் என்பது அரசாங்கத் தரப்பின் வாதம். மனித உரிமைகள் ஆணைக்குழு தன்னை உள்ளே விடவில்லை என்று குறைப்பட்டது. திருப்பி அனுப்பாதே என்று முல்லைத்தீவில் மக்கள் தெருவில் நின்றார்கள். ஆட்கடத்துவோர் இருக்கிறார்கள் என்பது பொய்யில்லை. ஆனால் தோணிக்காரனைப் பிடிப்பதும் தோணியில் வந்தவனை விசாரிப்பதும் இரண்டு வேலை. கள்ளத்தோணி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கட்டினால், விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு முடிந்துவிடும். அகதிகள் பற்றிய 1951 சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, உயிருக்கு அஞ்சி நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நின்றவரை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இலங்கை அதில் ஒப்பமிடவில்லை.

இன்னொரு விநோதம். 2012 வாக்கில் இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் அவுஸ்திரேலியாவுக்குக் கடலேறினார்கள். அவர்களை நாம் என்ன சொன்னோம்? "போட்டில போயிட்டான்." அவ்வளவுதான். போனால் போட், வந்தால் கள்ளத்தோணி. 2013இல் அவுஸ்திரேலியா படகுகளை நடுக்கடலிலேயே திருப்பத் தொடங்கியபோது எவ்வளவு கொதித்தோம்!

சரி, பதிலுக்கு எதைச் சொல்வது? செய்திகளில் வரும் 'சட்டவிரோதக் குடியேறி' ஆளையே சட்டவிரோதமாக்குகிறது. செயல்தான் சட்டத்துக்குப் புறம்பாக இருக்க முடியும், ஆள் அல்ல. 'ஆவணமற்ற குடியேறி' பொருந்தும். குடியேறி என்பதில் 'குடி' இருக்கிறது, அது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சொல்லும். அகதி வடசொல்: அ, கதி, போக்கிடம் இல்லாதவர். "என்னா கதியில நிக்கிறோம் பாரு" என்று தோட்டத்தில் சொல்லும் அதே கதி. இதற்குத் தனித்தமிழ் வேண்டுவோர் 'ஏதிலி' என்பார்கள். எனக்கு அதில் முழு மனமில்லை. திருக்குறளில் ஏதிலார் என்றால் அயலார், உறவற்றவர். அயலாரென்று ஒதுக்கப்பட்டவரை மறுபடி அயலார் என்பானேன்?

வழக்கு இன்னும் தீராதவருக்குப் 'புகலிடம் கோருவோர்' என்பதே சரியான சொல். புகுதல், புகல், புகலிடம்: எல்லாம் நம் வேர். அகதி என்ற அங்கீகாரம் கோரிக்கை ஏற்கப்பட்ட பின் வருவது. இந்த இரண்டையும் கலக்காமல் எழுதினாலே பாதிச் சண்டை குறையும். பேச்சுக்கு 'அடைக்கலம் கேட்டு வந்தவங்க' போதும். லயத்துக் கூரைக்குள் கேட்காமலே கூடு கட்டுவதற்கும் அடைக்கலாங்குருவி என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்.

1964 ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர் என்று இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் 'சிலோன்காரங்க' ஆனார்கள். 1983க்குப் பிறகு உயிர் தப்பி ஓடிய மலையகக் குடும்பங்களும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கின்றன. ஒருகாலத்தில் கூலிகளைச் சோதித்து இங்கே அனுப்பிய அதே மண்டபத்திலும் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டு அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பலகையை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அதற்கும் முன்பே, திருச்சி முகாம்களிலிருந்த இந்திய வம்சாவளியினர் குடியுரிமை கேட்டு மதுரையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போயிருந்தார்கள். பாட்டன் பிறந்த நாட்டின் சட்டத்திலும் அவர்களுக்கு இருந்த பெயர், சட்டவிரோதக் குடியேறிகள்.