புராஸ்டேட், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்

வலி எதுவுமின்றிச் சிறுநீரில் இரத்தம் வந்தால், அதை உடம்புச் சூடு என்று எண்ணி இளநீர் குடித்து நாள் கடத்தக் கூடாது. குறிப்பாகப் புகைபிடிப்பவர்களுக்கு அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், வடசென்னையில் இருப்பவர்கள் தாமதிக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் காட்டிவிட வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் இந்தக் காப்பீடு தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல், குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தண்டையார்பேட்டையில் மகனோடு வசிக்கும் தந்தையின் பெயர் சொந்த ஊர் ரேஷன் கார்டிலேயே இருந்தால், மகனின் காப்பீட்டு அட்டை அவருக்கு உதவாது. இதை ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு கண்டுபிடித்து அலைவது பெரும் வேதனை. அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் அனுமதி பெறும் வேலையை மருத்துவமனையே செய்யும். பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் ஸ்கேன் படங்களும் நம் கையில் இருக்க வேண்டும்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய்க்குச் சுரப்பியை முழுவதுமாக அகற்றும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். அதன்பின், புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதமான பி.எஸ்.ஏ.வின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ இல்லை என்னும் நிலைக்கு இறங்க வேண்டும். அறுவை சிகிச்சையின்போது வைத்த சிறுநீர் டியூப்பை எடுத்த பிறகு இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசிவதும், ஆண்மைக் குறைவு ஏற்படுவதும் உண்டு. கசிவு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். சிறுநீரை அடக்கும் தசைகளை வலுவாக்கும் இடுப்புத்தளப் பயிற்சியை வெட்கப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில்தான் கூடுதல் கவனம் தேவை. உட்சுவரோடு நிற்கும் கட்டியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம் என்றாலும், அது மறுபடி வளர்வது மிகச் சாதாரணம். ஆகவே மூன்றாம் மாதமும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளிகளிலும் சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவியை விட்டுப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். பலருக்கு வாரம் ஒரு முறை, ஆறு வாரங்களுக்கு நோய் எதிர்ப்பைத் தூண்டும் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். நோய் தசைக்குள் இறங்கியிருந்தால் சிறுநீர்ப்பையையே அகற்றி, குடலின் ஒரு துண்டால் வயிற்றில் வழி அமைத்து, வெளியே சிறுநீர் சேரும் ஒட்டுப்பை பொருத்துவது வழக்கம். அந்தப் பையை மாற்றும் முறையை, வீடு திரும்பும் முன்பே நோயாளியும் உடனிருப்பவரும் செவிலியரிடம் செய்து பார்த்துக் கற்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பரிசோதனைகளுக்கும் தொடர் சிகிச்சைகளுக்கும் தனிப் பட்டியல்கள் உள்ளன. உங்கள் சிகிச்சை அவற்றில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டறியலாம்.