முதன்மைப் போர் டாங்கி: பீரங்கி அல்ல

'அர்ஜுன் பீரங்கி' என்று செய்திகளில் இன்னும் எத்தனை நாள் படிக்க வேண்டுமோ தெரியவில்லை. இந்தியப் படையின் அர்ஜுன் 'மெயின் பேட்டில் டாங்க்', அதாவது முதன்மைப் போர் டாங்கி வகையைச் சேர்ந்தது. 120 மி.மீ. பீரங்கி அதன் ஓர் உறுப்பு மட்டுமே.

'டாங்க்' என்பது மறைப்புப் பெயர். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் இந்த ஊர்தியை ரகசியமாக உருவாக்கியபோது, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது, பெயரும் நிலைத்துவிட்டது. ஜெர்மானியர் கவசத்தைக் குறிக்கும் 'பான்சர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

'பீரங்கி'க்கு வருவோம். டாங்கி என்றால் சுடுதிறன், கவசம், நகர்திறன் மூன்றும் சேர்ந்தது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். கவசம் தடித்தால் எடை ஏறும், எஞ்சின் திணறும். வடிவமைப்பாளர்களின் போராட்டமே இதுதான். 'பீரங்கி' என்று சொன்னவுடன் மற்ற இரண்டும் காணாமல் போகின்றன. 'பீரங்கி வண்டி' என்று சமாளிப்பவர்களிடம் ஒரு கேள்வி: கே-9 வஜ்ராவை என்னவென்று அழைப்பீர்கள்? சங்கிலிப் பட்டைச் சக்கரமும் சுழல் மேடையும் அதற்கும் உண்டு. ஆனால் அது, கண்ணுக்குத் தெரியாத தொலைவில் உள்ள இலக்கின்மேல் 155 மி.மீ. குண்டுகளை வளைபாதையில் எறியும், தானே நகர்ந்து செல்லும் பீரங்கி. எதிரியை நேருக்கு நேர் பார்த்துச் சுடும் டாங்கியின் வேலை வேறு, படைப்பிரிவும் வேறு. 'பீரங்கி வண்டி' என்ற பெயர் வஜ்ராவுக்குத்தான் பொருந்தும். அதை அர்ஜுனுக்குக் கொடுத்துவிட்டால், வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் பீரங்கியான தனுஷ், வஜ்ரா, அர்ஜுன் மூன்றும் ஒரே குழப்பத்தில் கிடக்கும்.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காக 'டாங்கி'யை விலக்குகிறோம் என்பதும் நிற்காது. 'பீரங்கி' ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி'யிலிருந்து வந்தது, 'பறங்கி'க்கு உறவு. ஒரு கடன்சொல்லைத் தள்ளி, பொருள் பிழையான இன்னொரு கடன்சொல்லை உட்காரவைப்பதில் தமிழுக்கு என்ன லாபம்? 'கவச வாகனம்' பொருளில் நெருங்குகிறது, ஆனால் வீரர்களை ஏற்றிச் செல்லும் ஊர்திக்கும் அதே பெயர்தானே. 'போர்த்தாங்கி' என்பது ஒலி ஒற்றுமை மட்டுமே. விமானந்தாங்கி விமானத்தைத் தாங்குகிறது, இது எதைத் தாங்குகிறது?

'மெயின்' என்பதை 'முக்கிய' என்று பெயர்ப்பதும் தவறு. இரண்டாம் உலகப் போரில் இலகு, நடுத்தர, கன டாங்கிகள் தனித்தனியாக இருந்தன. பின்னர் நடுத்தர டாங்கியின் வேகத்தோடு கன டாங்கியின் சுடுதிறனையும் பாதுகாப்பையும் ஒரே ஊர்தியில் சேர்த்தார்கள். படையின் அடிப்படை வகையாக அதுவே ஆனது. அந்த இடத்தைச் சொல்வது 'முதன்மை'. 'முக்கியப் போர் பீரங்கி' என்று எழுதுபவர், முக்கியமான போருக்கான பீரங்கி என்று வாசகர் புரிந்துகொள்வாரே என்று ஒரு கணம்கூட யோசிப்பதில்லை. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறார். அடுத்தவர் அதையே பார்த்து எழுதுகிறார்.